கிளீனர் உட்கார்ந்தால் ஸ்டாப்

என் அத்தான் நடக்கப் பிறந்தவர் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வதைத்தான் சொல்கிறேன். தெருமுனைக் கடையில் ஒரு பிளேடு வாங்க வேண்டுமென்றாலும் வண்டிச் சாவியைத் தேடுவார். கல்யாணமான புதிதில் அக்காவை சினிமாவுக்குக் கூட்டிப்போனதே மரலாரியில்தான். படம் விட்டு வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரிப் படியில் ஏறினாளாம். இன்றைக்கும் அதைச் சொன்னால் அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். "கால் எதுக்கு இருக்கு? ஆக்சிலேட்டர மிதிக்க. இன்னொண்ணு பிரேக்குக்கு," என்பார் அத்தான். அதற்கு மேல் கால்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

மரலாரியை விட்டு பள்ளிக்கூட வேனுக்கு வந்தபின் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர் 'வேன் மாமா' ஆகிவிட்டார். பள்ளிக்கூடம் மலைமேல் இருக்கிறது. அடிவாரத்து ஷெட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் ஒரே சாலை. வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த வேனில் கதவைத் திறந்து, பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி, கதவை அறைந்து சாத்தி, "போலாம் ரைட்!" என்று கத்துவது என் வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கதவக்கா. எங்கள் வேனின் கதவை மெதுவாகச் சாத்தினால் பூட்டு விழாது. அறைய வேண்டும். அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூன்றாவது ஆள் கிளீனர். லாரியில் டிரைவருக்குத் துணையாகப் போகிறவரை கிளீனர் என்பார்கள். எங்கள் கிளீனர் ஒரு நாய். ஒரு மழைநாளில் பின்சீட்டுக்கு அடியில் ஈரக் குட்டியாகக் கிடந்தது. எப்படி ஏறியதென்று தெரியாது. இறக்கிவிட்டால் திரும்ப ஏறிக்கொண்டது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், நாட்டு நாய். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது சேர்ந்துவிட்டதால் என்னைவிட சீனியர். அத்தானுக்கு இடப்பக்கத்து முன்சீட்டு அதற்குத்தான். ஸ்டாப் வந்ததும் திரும்பிப் பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கும். கதவு அறையும் சத்தம் கேட்டு, "போலாம் ரைட்" கேட்ட பிறகுதான் முகத்தை முன்பக்கம் திருப்பும். முதலாளிக்கேற்ற நாய். நடை என்றால் இரண்டுக்கும் ஆகாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு, போன கோடைக்கு முன்பு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் படுத்திருந்த அந்த மாதங்கள் இருக்கிறதே, அக்காதான் பாவம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தூக்கத்தில் அத்தான் கட்டில் சட்டத்தை பிரேக் என்று நினைத்து மிதிப்பார். அக்கா தையல் மெஷினை ஓட்டினால், "இஞ்சின் சத்தம் சரியில்ல, ஆயில் விடு," என்று உள்ளிருந்து குரல் வரும். நாயும் அவர் கட்டிலடியில் படுத்துத் தின்று தின்று தலையணை போல் ஆகிவிட்டது. வேனை ஓட்ட வந்த புது டிரைவர் எத்தனை கூப்பிட்டும் அதில் ஏற மறுத்துவிட்டது. அந்தப் புது ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'தற்காலிகம்'. நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். ஆனாலும் ஸ்டாப்பில் வண்டி முழுசாக நிற்பதற்குள் அவன் கண் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும்.

ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். மெதுவாக மேடு ஏறிப் பழகலாம் என்றும் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்து பெரிய டீச்சர் அதோடு விடவில்லை. அத்தானை நேரில் உட்காரவைத்துச் சொன்னார். "டிரைவர், மேட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா பிள்ளைங்கள இறக்கி நீங்கதான் நடத்திக் கூட்டிட்டு வரணும். ரெண்டு தடவை அப்படி ஆகியிருக்கு, உங்களுக்கே தெரியும். ஷெட்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரு தடவை உங்க கால்ல ஏறி வாங்க. சாவியைத் தர்றேன். ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வரலைன்னா அந்தப் பையனையே நிரந்தரமா வச்சுக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

அத்தான் முதல்முறை கிளம்பியபோது யாரையும் கூட வரவிடவில்லை. லாரி மேடு ஏறுவதுபோல் ஒரே வேகத்தில் ஏறினார். வழியில் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பாலத்தோடு சரி. பால் வண்டிக்காரர் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இரண்டாம் முறை தண்ணீர்த்தொட்டிக்கு மேலே, கடைசி வளைவு வரைக்கும் போய்விட்டார். அங்கே சாலையோரத்தில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வந்தது யார்? தற்காலிகம். தன் வேனில், தன் இடத்துக்குப் பக்கத்தில், நாய் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து அத்தான் வீடு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. "இனிமே போகல. அந்தப் பையன் நல்லாத்தான் ஓட்டுறான்," என்றார். அப்படி அவர் சொன்னதைக் கேட்டு அக்கா சமையலறையில் போய் அழுதாள். நானும்தான் அழுதேன். என் அத்தான் இன்னொரு டிரைவரை நல்லா ஓட்டுகிறான் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பள்ளி திறக்க ஒருநாள் இருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையையே காணோம். மேகம் இறங்கி மூடியிருந்தது. மழை இல்லை, வெயிலும் இல்லை. அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, நாயைக் கொஞ்சம் நடத்திட்டு வாங்க. தின்னு தின்னு மூச்சு வாங்குது. செத்துகித்துப் போச்சுன்னா நான் பொறுப்பில்ல," என்றாள்.

"நான் எங்க நடத்துறது?"

"மேல தான். கீழ எங்க இடம் இருக்கு, ஒரே வண்டி."

அத்தான் அவளைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். சட்டையை மாட்டினார். அக்கா என் பையில் மாத்திரையையும் தண்ணீரையும் திணித்து, கண்ணாலேயே "கூடப் போ" என்றாள். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். சமர்த்தில் நாற்பது வயது மூத்தவள்.

"நீ எங்க வர்ற?" என்றார் அத்தான் வாசலில்.

"நாய் நடக்குறத நானும் பார்த்ததில்ல அத்தான். ஒரு அதிசயம்னா நாலு பேர் பார்க்க வேண்டாமா?"

"வாயாடி."

ஷெட்டிலிருந்து கிளம்பினோம். கிளீனர் முதலில் சாலையை மோந்து பார்த்துக்கொண்டே போனது. அத்தனை வருஷம் மேலேயிருந்து பார்த்த சாலைக்கு இப்படி ஒரு வாசனை இருக்கிறதென்று அதற்கு அன்றுதான் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கம்பத்துக்கும் மரியாதை செய்தது. வால் மேலே ஏறிவிட்டது. அத்தான் பழையபடி வேகம் எடுக்கப் பார்த்தார். பேக்கரி முக்கு வந்ததும் கிளீனர் சட்டென்று உட்கார்ந்துவிட்டது.

"எந்திரி," என்றார் அத்தான். கழுத்துவாரைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அதட்டினார். கெஞ்சினார். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எங்கள் நாய்க்கு நிற்பதே வேலையாக இருந்தது. அது பேக்கரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு எட்டிப்பார்த்தார். "என்ன டிரைவர், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்குது பாரு," என்று என்னிடம் எரிந்து விழுந்தார். எனக்கோ அப்போதுதான் பொறி தட்டியது. அது எங்கள் முதல் ஸ்டாப். பேக்கரிக்காரர் மகள் அங்கேதான் ஏறுவாள். நாய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வேலையைச் செய்யாதவள் நான்தான்.

பேக்கரியின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை அறைந்தேன். "போலாம் ரைட்!"

கிளீனர் எழுந்து நடந்தது. பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

தபால் ஆபீஸ் ஸ்டாப்பில் தபால்பெட்டியை அறைந்தேன். அதுவரை அத்தானுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பாலம் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. முதல் முறை மண்ணைக் கவ்விய இடம். கிளீனர் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பலகை இருந்தது, அறைய வாகாக.

"கதவைச் சாத்து," என்றார் அத்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

நான் கையைத் தூக்கினேன். அவர் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. கையைக் கீழே போட்டேன். "இருங்க அத்தான். சின்னது இன்னும் ஷூ லேஸ் கட்டுது."

யாரும் இல்லாத சாலையை அத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "லேட்டாத்தான் எந்திரிக்கும் அது. அவங்க அம்மாவச் சொல்லணும்," என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். அவருடைய மூச்சு அடங்கிய பிறகு அந்தப் பிள்ளை லேஸைக் கட்டி முடித்தது. நான் பலகையை அறைந்தேன்.

அதற்குப் பிறகு அந்த மலைச்சாலையில் எங்கள் மூன்று பேருக்குள்ளும் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டாப் எங்கே என்பது நாயின் பொறுப்பு. எவ்வளவு நேரம் என்பது என் பொறுப்பு. ஏறுவது அத்தான் பொறுப்பு. நிற்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற மனிதர், பிள்ளை ஏறுவதற்கு நிற்பதை அப்படி நினைக்க மாட்டார். அது அவர் தொழில்.

இரட்டைப் பிள்ளைகள் வீட்டு கேட் முன்னால் கிளீனர் உட்கார்ந்ததுதான் தாமதம், உள்ளே ஒரே கூச்சல். இரண்டு பெண்களும் இரவு உடுப்போடு, தோளில் பையோடு ஓடி வந்தார்கள். பின்னாலேயே அவர்கள் அம்மா, கையில் சீப்போடு, பதறிக்கொண்டு. "ஐயையோ, ஸ்கூல் இன்னைக்கேவா திறக்குது? யாருமே சொல்லலையே!"

"இல்லீங்க, நாய் வாக்கிங் போகுது," என்றேன்.

அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. அத்தானைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. "டிரைவர் அண்ணே, நடந்தா வர்றீங்க! எப்ப வண்டி எடுப்பீங்க? அந்தத் தம்பி பிரேக் போட்டா பிள்ளைங்களுக்கு விழாத பல்லும் விழுந்துடும் போல."

அத்தான் அரை அங்குலம் வளர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இரட்டையர் பையைக் கேட்டுக்குள் வீசிவிட்டு எங்களோடு வந்தார்கள். அவர்கள் அம்மாவும் வந்தார். நாற்றுப்பண்ணை ஸ்டாப்பில் தோட்டக்காரரின் பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லாரும் நாயின் பின்னால், வேனில் ஏறுகிற வரிசையிலேயே நடந்தார்கள். மேகம் இப்போது எங்கள் உயரத்துக்கு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியவில்லை. ஈரக்காற்று. தண்ணீர்த்தொட்டி எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியாதபோது, வெள்ளைப் புகைக்குள் கிளீனர் உட்கார்ந்தது. கையை நீட்டினால் தொட்டியின் குழாய் தட்டுப்பட்டது.

அதுதான் கடைசி ஸ்டாப். அதற்கு மேல் செங்குத்தான அந்த வளைவு. வேன்கூட முதல் கியருக்கு வந்து முனகிக்கொண்டுதான் ஏறும். அங்கே வீடும் இல்லை, கடையும் இல்லை, ஏறுவதற்குப் பிள்ளையும் இல்லை.

குழாயை அறைந்தேன். கிளம்பினோம். வளைவின் பாதியில் அத்தான் நின்றுவிட்டார்.

போன முறை உட்கார்ந்த அதே இடம். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். பைக்குள் மாத்திரையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேன் மாமா பிள்ளைகள் முன்னால் அப்படி நின்றதில்லை. முன்னால் போய்விட்ட கிளீனர் திரும்பிப் பார்த்தது. பிறகு இறங்கி வந்து, அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இங்க ஸ்டாப் இல்லையே," என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

"லூசு. கிளீனர் உட்கார்ந்தா ஸ்டாப்தான்," என்றாள் மற்றவள்.

கீழே மேகத்துக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது. தற்காலிகம்தான். மறுநாள் பள்ளி திறப்பதால் வேனைக் கழுவ மேலே கொண்டுபோகிறான். எங்களைப் பார்த்ததும் நிறுத்தி, இறங்கி ஓடிவந்தான். இடப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "அண்ணே, ஏறிக்கங்க. மூஞ்சி சரியில்ல. டீச்சர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன், சத்தியமா," என்றான். அவன் மனதாரச் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. வம்புக்காகச் சொல்லியிருந்தால் அத்தான் வீம்புக்காவது நடந்துவிடுவார்.

கிளீனர் தன் பழைய சீட்டைப் பார்த்தது. ரெக்சின் கிழிந்த இடத்தில் அதன் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே தாவு, வீட்டுக்குப் போய்விடலாம். அத்தானும் அந்தச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ முன்னால போ தம்பி. நாங்க பின்னாலயே வர்றோம்," என்றார்.

தயங்கி நின்றவன் கதவை அறைந்து சாத்தினான். அசல் வேன், அசல் கதவு, அசல் சத்தம். கிளீனரின் மடங்காத காது நிமிர்ந்தது. உடம்பு பாதி எழுந்தது. அத்தானை ஏறிட்டுப் பார்த்தது. அவர் அசையவில்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டது. அத்தனை வருஷத்தில் அந்தச் சத்தம் கேட்டும் அது நகராமல் இருந்தது அன்றைக்குத்தான். வேன் போய்விட்டது.

நாங்கள் நின்றோம். நான் எதையும் அறையவில்லை. அறைய அங்கே ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலும் அறைந்திருக்க மாட்டேன். மேகம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அத்தானின் மூச்சு ஒவ்வொன்றாக இறங்கி, சாதாரண மூச்சாக ஆனது. முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. முழங்காலிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். அந்தக் கையாலேயே தன் தொடையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"போலாம் ரைட்!"

மலையே திரும்பக் கத்தியது. கிளீனர் எழுந்து ஓடியது. ஆமாம், ஓடியது. அந்தத் தலையணை மேட்டில் ஓடியது. பிள்ளைகள் "ஓ" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அத்தான் ஓடவில்லை. முதல் கியரில், ஒரே சீராக, வளைவைத் தாண்டி ஏறினார். நான் அழுதுகொண்டே ஏறினேன். மேகம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

தற்காலிகம் சொல்லியிருப்பான் போல. பெரிய டீச்சர் பள்ளிக்கூட கேட்டில் நின்றிருந்தார். வெள்ளைப் புகைக்குள்ளிருந்து முதலில் நாய் வந்தது. பிறகு பிள்ளைகள். அவர்கள் நடுவில் அத்தான், சட்டை முழுக்க நனைந்து, தலையில் மேகத்துளி கோத்து.

"நடந்தே வந்துட்டீங்களா டிரைவர்?"

"ஒரேயடியா நடக்கல டீச்சர். எல்லா ஸ்டாப்லயும் நின்னுதான் வந்தேன்."

"அது சரி. நிக்காமப் போற டிரைவர் எனக்கு எதுக்கு?" என்றவர் பின்னால் பார்த்தார். "லீவு நாள்ல இந்தப் பிள்ளைங்க எதுக்கு?"

"வழியில ஏறுனாங்க," என்றார் அத்தான்.

பெரிய டீச்சர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று பல் தெரியச் சிரித்தார். தற்காலிகத்திடம் கையை நீட்டினார். அவன் சாவியை அவரிடம் தராமல், நேராக அத்தான் கையிலேயே வைத்தான். "எனக்கு மரலாரி கம்பெனியில கூப்பிட்டிருக்காங்கண்ணே. போலாமா வேணாமான்னு யோசிச்சுட்டிருந்தேன்," என்றான். அத்தான் அவன் முதுகில் தட்டினார். "போ. ஆனா ஸ்டாப்ல முழுசா நிறுத்திப் பழகு."

இறங்கும்போது வேனில்தான் இறங்கினோம். நான்தான் சொன்னேனே, அவர் நடக்கப் பிறந்தவர் இல்லை. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். சீட்டை முன்னால் இழுத்தார். கிளீனர் ஏற முடியாமல் முன்னங்காலைப் படியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. பெரிய டீச்சரே பின்னாலிருந்து தூக்கிவிட்டார். பேக்கரி முக்கிலிருந்து வீடு வரைக்கும் அத்தான் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. அக்கா ஊசி குத்திய துணியோடு வாசலுக்கு ஓடிவந்தாள். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தாள். வண்டி நிற்பதற்கு முன்பே ஏறி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் வண்டியில் புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பள்ளி திறந்தது. பேக்கரி, தபால் ஆபீஸ், பாலம் என்று எல்லா ஸ்டாப்பிலும் பிள்ளைகள் ஏறினார்கள். தண்ணீர்த்தொட்டி தாண்டி, வளைவின் பாதியில் கிளீனர் குரைத்தது. வண்டி நிற்கும்வரை விடாமல் குரைத்தது. அத்தான் நிறுத்தினார்.

அன்றிலிருந்து தினமும் அங்கே நிற்கிறோம். யாரும் ஏறுவதில்லை, யாரும் இறங்குவதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இது யார் ஸ்டாப் என்று கேட்டால், இரட்டையர் இரண்டு பேரும் ஒரே குரலில் "வேன் மாமா ஸ்டாப்" என்கிறார்கள். நான் கதவைத் திறந்து, அவர் மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வரும்வரை காத்திருந்து, மலையே திரும்பிப் பார்க்கும்படி அறைந்து சாத்துகிறேன்.